முன்காலுக்குப் பழசு, பின்காலுக்குப் புதுசு

நாற்காலி பின்னாலிருந்து வந்து முழங்கால் மடிப்பில் முட்டியது, மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்தோம், அம்மா மட்டும் "ஐயோ முருகா" என்று கத்தினார், மலையுச்சிக்குப் போகும் நாற்காலி லிஃப்டுக்கு வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி. மற்றப் பக்கம் இருந்த எங்கள் கிளப்பின் ரேட்டோ தடுப்புக் கம்பியை இழுத்து மடிக்கு மேலே இறக்கிவிட்டான். இனி மேலே போய்ச் சேரும்வரை யாரும் எங்கேயும் போகமுடியாது. பனி கீழே விலகிக்கொண்டே போகிறது, ஊசியிலை மரங்களின் தலைகள் காலுக்கு நேரே வருகின்றன, என் இடது கால் பனிச்சறுக்குப் பலகையோடு பூட்டியபடி தொங்குகிறது, பூட்டாத வலது காலைப் பலகையின் பின்பக்கத் தகட்டின் மேலே வைத்திருக்கிறேன். பலகையின் பாரம் முன்காலை இழுக்காமலிருக்க எல்லோரும் அப்படித்தான் வைப்பார்கள். நான் மறைப்பதற்காக வைத்திருக்கிறேன். பூட்ஸைக் கொஞ்சம் சரித்து வைத்தால் தகட்டின் பாதி மறைகிறது, மற்றப் பாதி கரும்பச்சையாக, புத்தம் புதிதாக, வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. எங்கள் கிளப்பில் எல்லோரும் ஸ்கீக்காரர் போடுவதுபோன்ற கெட்டிப் பிளாஸ்டிக் பூட்ஸ் போட்டுத்தான் ஸ்னோபோர்ட் ஓடுவோம். அந்தப் பூட்ஸைப் பலகையில் பிடித்து வைக்கக் காலுக்கு ஒன்றாக இரண்டு தகடுகள், அதைத்தான் பைண்டிங் என்கிறோம், இரண்டும் ஒரே சோடியாக இருக்கவேண்டும், செருப்பு வாங்கப் போகிற குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம். என் பலகையில் முன்காலுக்குப் பழசு, பின்காலுக்குப் புதுசு. "உதென்ன பிள்ளை, கீழை வலை கிலை ஒண்டும் கட்டேல்லையே?" என்கிறார் அம்மா. விழமாட்டீங்கள் அம்மா. "நான் விழுறதை ஆர் சொன்னது? இந்தக் கைப்பை விழுந்தா?" மலைக்கு வருகிறவர் எதற்குக் கைப்பை கொண்டுவரவேண்டும், அதுவும் வெள்ளைக் கைப்பை, அதுவும் பொன்னிறச் சங்கிலி வைத்தது. ரேட்டோ சிரிக்கிறான், தமிழ் தெரியாது, ஆனாலும் சிரிக்கிறான், கைப்பையைப் பார்த்துத்தானே சிரிக்கிறான், என் காலைப் பார்த்து இல்லையே. கைப்பையையே பார்த்துக்கொண்டிரு ரேட்டோ. என்ன மகள் நான், என் காலை மறைக்க அம்மாவின் கைப்பையை முன்னால் தள்ளுகிறேன்.

அம்மாவை நான் கூப்பிடவில்லை. பீல் நகரத்தில் அம்மாவுக்கு மணப்பெண் அலங்காரக் கடை, சனிக்கிழமை என்றால் மூச்சு விட நேரமிருக்காது, மூன்று குளிர்காலமாக நான் ஞாயிறு தோறும் விடியற்காலையில் பலகையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறுகிறேன், என்ன ஏது என்று கேட்டதில்லை. போன கிழமை ஒரு மணப்பெண் தலையில் பூ வைத்துக்கொண்டிருக்கும்போதே அவளுடைய தங்கை போனை நீட்டியிருக்கிறாள், எங்கள் கிளப்பின் இணையப்பக்கத்தில் என் படம், "சுகி அன்ரி, உங்கட ஆரபி பனிக்குள்ளை படுத்துக் கிடக்கிறா." படுத்துக் கிடக்கவில்லை. அது ஒரு வளைவு. பலகை விளிம்பில் நிற்கும், உடம்பு மலைப்பக்கம் சாயும், இடுப்பு பனியை உரசிக்கொண்டு போகும், கை பனியில் கோடு கிழிக்கும், அந்த ஒரு நொடியில் நான் எதையும் நினைப்பதில்லை, நான் எதையும் நினைக்காத ஒரே நொடி அதுதான், அதைத்தான் யாரோ படம் பிடித்துவிட்டார்கள். "படுத்துக்கொண்டு போறதெண்டு சனம் சொல்லி நான் கேக்கிறதோ? நானே வந்து பாக்கிறன்," என்றார் அம்மா. வந்துவிட்டார். பளபளக்கும் ஊதா ஜாக்கெட், உதட்டுச்சாயம், காதை மூடிய கம்பளித் தொப்பிக்கு வெளியே ஜிமிக்கி. இந்தக் குளிரில் காதில் உலோகம் போடக்கூடாது என்று சொன்னேன், உண்மையில் அதற்காகச் சொல்லவில்லை. ரயிலில் எதிரே இருந்தவர்களோடு அம்மா தன் ஜெர்மனில் கதைத்தபடியே வந்தார், வினைச்சொற்களை எப்படி வருகிறதோ அப்படியே போட்டு, "என் மகள், ஓடு, நல்லாய் ஓடு, பயம் இல்லை," நான் கண்ணாடிக்கு வெளியே ஏரியைப் பார்த்தேன். ஏரி முடிந்தபிறகும் ஏரி இருந்த திசையையே பார்த்தேன். வெட்கப்பட்டேன், பிறகு வெட்கப்பட்டதற்கு வெட்கப்பட்டேன், முதலாவது கரைந்துபோனது, இரண்டாவது வயிற்றில் தங்கிவிட்டது, இப்போதும் அங்கேதான் இருக்கிறது, நாற்காலி ஒவ்வொரு தூணைத் தாண்டும்போதும் குலுங்குகிறது, அதுவும் சேர்ந்து குலுங்குகிறது.

பழசு எனக்குக் கிளப்பின் அலுமாரியிலிருந்து வந்தது, என்னைவிட வயது கூடியது, அலுமினியத் தகடு, விளிம்பெல்லாம் கீறல், முன்னால் நெம்புபிடி, பின்னால் கம்பி வளையம். குதிகாலைப் பின்வளையத்துக்குள் செருகவேண்டும், பிறகு குனிந்து, நன்றாகக் குனிந்து, முன்வளையத்தைப் பூட்ஸ் நுனியில் ஏற்றி, நெம்புபிடியைத் தூக்கி அறையவேண்டும், அறைந்தால் ஒரு சத்தம் வரும், கதவுத் தாழ்ப்பாள் விழுவதுபோல, விழுந்ததோ இல்லையோ என்ற சந்தேகம் கிடையாது, கண்ணால் பார்க்கலாம், கையால் தொடலாம். ஓடும்போது அது எதையும் ஒளிக்காது. பனியில் ஒரு சின்ன வரி இருந்தால் அது முழங்காலெலும்பில் வந்து தட்டும். காலையில் பனி இறுகிக் கிடக்கும்போது, என்னைப்போல் உடம்பில் பாரம் இல்லாதவளுக்கு, அது ஒன்றுதான் சொன்னதைக் கேட்கும், நான் சாயவேண்டும் என்று நினைத்த இடத்திலேயே விளிம்பு இறங்கும். புதுசு அப்படியில்லை. புதுசின் அடியில் ரப்பர், அகலமான அடி, பலகை தன் விருப்பத்துக்கு வளைய இடம் விடுகிறது, காலுக்கு இதம், மத்தியானம் பனி இளகிக் குவியல் குவியலாகக் கிடக்கும்போது அதுதான் நல்லது, பழசு அந்த நேரம் பல்லைக் கடிக்க வைக்கும். ஆனால் இறுகிய பனியில் நான் சொன்னது பலகைக்குப் போய்ச் சேர ஒரு கணம் பிந்துகிறது, அந்த ஒரு கணத்துக்குள் பலகையின் வால் நழுவிவிடுகிறது. கடைக்காரர் ஒரு கிழமைக்கு ஓடிப் பார்க்கத் தந்தார், பூட்ஸின் குதிகாலில் அதற்கான முளைகளையும் அவரே பூட்டித் தந்தார், மிதித்தால் போதும், இரண்டு பக்கமும் முளைகள் போய்த் துளையில் விழும், கழற்றவேண்டுமென்றால் முழங்காலுக்குக் கீழே தொங்கும் கயிற்றை இழுத்தால் சரி. குனியவே தேவையில்லை, என்றார். அவர் முதுகுவலிக்காரரை நினைத்துச் சொன்னார். நான் வேறொன்றை நினைத்துக் கேட்டேன். குனியவே தேவையில்லை.

எங்கள் கிளப் ஆட்கள் பனியில் உட்காரமாட்டார்கள். மெத்தென்ற பூட்ஸ் போடுகிற மற்றவர்கள்தான் லிஃப்ட் வாசலில் உட்கார்ந்து வார் கட்டுவார்கள், எங்கள் கிளப்பில் உட்கார்ந்தால் பகிடி பண்ணியே கொன்றுவிடுவார்கள், நின்றபடி குனிந்து பூட்டவேண்டும், அதுதான் வழக்கம். லிஃப்ட் இறங்கும் இடத்துக்கு நேரெதிரே கோப்பி விற்கும் குடில், குடில் முற்றத்தில் உட்கார வாங்குகள், வாங்குகளில் கோப்பையோடு ஆட்கள், அவர்களுக்குப் பார்ப்பதற்கு மலை இருக்கிறது, வானம் இருக்கிறது, பிறகு நான் இருக்கிறேன், பின்பக்கத்தை நீட்டிக்கொண்டு. ஒருநாள் அப்படிக் குனிந்திருந்தபோது பின்னால் ஒரு சிரிப்புக் கேட்டது. ஆணின் சிரிப்பு. அது என்னைப் பற்றியதாக இல்லாமலும் இருக்கலாம், ஒருவர் இன்னொருவருக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம், கோப்பை கொட்டியிருக்கலாம், இரண்டு வருடமாக அந்தச் சிரிப்புக்கு நான் காரணம் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறேன், ஒன்றும் பொருந்தவில்லை. அதற்கு முன்பும் இருந்தது. பதினொரு வயதில் யாரோ ஒரு பெண் பெரியவளான சாமத்தியவீட்டு மண்டபத்தில் பாயசம் பரிமாறினேன், அம்மா பின்னால் வந்து இடுப்பில் நுள்ளினார், "குனியாதை, பின்னாலை ஆக்கள் நிக்கினம்." வலித்தது கொஞ்ச நேரம்தான். ஆனால் பின்னால் ஆட்கள் இல்லாத இடம் எங்கே இருக்கிறது, அன்றிலிருந்து எங்கே போனாலும் எனக்கு முன்னால் என்ன இருக்கிறது என்பதைவிடப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பதுதான் முதலில் தெரிகிறது, பல்கலைக்கழக விரிவுரை மண்டபத்தில் நான் எப்போதும் கடைசி வரிசை, எனக்குப் பின்னால் சுவர். புதுசை இரண்டு காலுக்கும் பூட்டிப் புதன்கிழமை ஓடிப் பார்த்தேன், இறுகிய பனியில் வளைவுக்கு வளைவு நழுவியது. பழசை இரண்டு காலுக்கும் பூட்டினால் மேலே குனியவேண்டும். நேற்றுப் பின்னேரம் எங்கள் கட்டடத்தின் உடுப்புத் தோய்க்கும் அறையில் பலகையை இயந்திரத்தின் மேலே வைத்து யோசித்தேன். முன்காலைக் கீழேயே பூட்டிக்கொண்டுதான் லிஃப்டில் ஏறுவது, கீழே குப்பைத்தொட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு மூலை இருக்கிறது, அங்கே யாரும் பார்ப்பதில்லை, ஆகவே முன்காலுக்குப் பழசு. மேலே பூட்டவேண்டியது பின்கால் மட்டும், ஆகவே பின்காலுக்குப் புதுசு, மிதித்தால் முடிந்தது. ஒரு காலாவது உண்மையாக இருக்கட்டும் என்று நினைத்தேன். நினைத்து, அதை ஒரு கெட்டித்தனம் என்றும் நினைத்து, திருகாணிகளை இறுக்கும்போது மெதுவாகப் பாடிக்கொண்டுகூட இருந்தேன், அதுதான் இப்போது எல்லாவற்றையும்விடக் கூசுகிறது, அந்தப் பாட்டு.

"ஆரபி, காலைக் கொஞ்சம் எடு." ரேட்டோவின் குரல். கேட்காதவள் மாதிரி இருக்கலாம், காற்று அடிக்கிறது, தொப்பி இருக்கிறது, ஆனால் அவன் ஏற்கெனவே குனிந்து பார்த்துவிட்டான், அவனால் எவ்வளவு சுலபமாகக் குனியமுடிகிறது, ஓடுகிற நாற்காலியில்கூட. "அது புது மாடல் இல்லையா? மிதித்துப் பூட்டுவது? முன்னால் பழசு! ஏன் அப்படி?" ரேட்டோ தச்சுவேலை செய்கிறவன், எதைக் கண்டாலும் ஏன் இப்படி, எதனால் செய்தது என்று கேட்கிறவன், அவனிடம் கள்ளமே கிடையாது, அதுதான் ஆபத்து. வாயைத் திறந்தேன். ஒப்பிட்டுப் பார்க்க, என்றேன். வேறு யாரோ சொன்னதுபோல இருந்தது. "ஒப்பிட்டுப் பார்க்கவா?" ஓம், ஒரே பலகை, ஒரே பனி, ஒரே ஆள், அப்போதுதானே வித்தியாசம் தெரியும். என் வாயிலிருந்து இவ்வளவு வேகமாகப் பொய் வரும் என்று எனக்கே தெரியாது, உண்மை சொல்வதற்கு எனக்கு எப்போதும் அரை மணித்தியாலம் வேண்டும். அவன் கம்பியில் தட்டினான், நாற்காலி ஆடியது, அம்மா மறுபடி முருகனைக் கூப்பிட்டார். "அட, நாங்களெல்லாம் ஒருநாள் பழசில் ஓடி மற்றநாள் புதுசில் ஓடி, பனி மாறிவிட்டது, பலகைக்குப் பூசிய மெழுகு மாறிவிட்டது என்று சண்டை பிடிக்கிறோம். நீ இரண்டையும் ஒரே நேரத்தில்! தேர்வு நாளிலேயே! உனக்குப் பயமே இல்லையா? மேலே போனதும் உர்ஸுக்குச் சொல்லவேண்டும்." வேண்டாம், என்றேன். "ஏன் வேண்டாம்? அந்த மனுசனுக்கு இதுதானே சாப்பாடு." உர்ஸ் எங்கள் பயிற்சியாளர். மாகாண அணியோடு பயிற்சிக்குப் போகக் கிளப்பிலிருந்து ஒரு பெண்ணுக்கு இடம் இருக்கிறது, ஒரே இடம், லேயாவோ நானோ, இன்று காலை இருவரும் சிவப்புக் குறியிட்ட செங்குத்தான சரிவில் ஒருமுறை ஓடவேண்டும், ஒரேயொரு முறை, அவர் கீழே நின்று பார்ப்பார். அந்த இடம் எனக்கு வேண்டும். இதை யாரிடமும் சொன்னதில்லை, வேண்டும் என்று சொல்வதே ஒருவிதமாகக் கூட்டத்தில் கையை உயர்த்துவதுபோல இருக்கிறது. ஆனால் வேண்டும், இரவில் கண்ணை மூடினால் அந்தச் சரிவுதான் வருகிறது, ஒவ்வொரு வளைவும் எங்கே தொடங்கவேண்டும் என்று தெரியும். இந்த இரண்டு விதக் காலோடு அதில் இறங்கினால் என்ன நடக்கும் என்றும் தெரியும். முன்பக்கம் உடனே இறங்கும், பின்பக்கம் பிந்தி வரும், பலகை நடுவில் முறுகும், கால்விரல் பக்கம் சாயும் வளைவில் பலகையின் வால் நழுவிப் போகும். லேயா போவாள்.

"உந்தப் பெடியன் என்னவாம்?" என்கிறார் அம்மா. பலகையைப் பற்றிக் கதைக்கிறான் அம்மா. "நல்ல பெடியன் போல. கலியாணம் கட்டீட்டானோ?" அம்மா! "ஏன், கேட்டாக் குறைஞ்சு போவனோ? எத்தினை பேருக்கு நான் தலை அலங்காரம் செய்யிறன், எல்லாம் ஆரோ ஒராள் வாய் திறந்து கேட்டதாலைதான் நடந்தது." ரேட்டோ தன் பெயர் அடிபடுகிறது என்று நினைத்து எங்களைப் பார்த்துப் புன்னகைக்கிறான், அவன் பெயர் அடிபடவேயில்லை, அம்மா கைப்பையைத் திறக்கிறார், இந்த உயரத்தில், அலுமினியத் தாளில் சுற்றிய, மீன் அடைத்த பற்றிஸ் வெளியே வருகிறது, பொரித்த வாசம், மீன் வாசம், குளிர்க் காற்றில் வாசம் எவ்வளவு துல்லியமாக நிற்கிறது, "நீ சாப்பிடு, சூடு இல்லை, நல்லது," ரேட்டோ கையுறையைப் பல்லால் கழற்றி வாங்கிக் கடிக்கிறான், கண் விரிகிறது, உறைக்கிறது, இன்னொன்று கேட்கிறான். அம்மாவுக்கு முகம் முழுக்கச் சிரிப்பு. இவர் எதற்கும் கூசமாட்டார், எனக்கு இது எங்கிருந்து வந்தது. மாற்று என் பைக்குள் இருக்கிறது. முதுகுப்பைக்குள், தண்ணீர்ப் போத்தலுக்குப் பக்கத்தில், பழசின் மற்றத் தகடு, எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்து வந்தேன், நடுவில் நாலு திருகாணி, ரேட்டோவிடம் எப்போதும் ஸ்க்ரூ டிரைவர் இருக்கும், மாற்றிவிடலாம். மாற்றலாம், ஆனால் நாலு திருகாணியைக் கழற்றி நாலு திருகாணியை இறுக்கும்வரை குனிந்திருக்கவேண்டும், பிறகு பூட்டக் குனியவேண்டும், ஒரு குனிவுக்குப் பயந்து ஒளித்தவளுக்கு இப்போது பத்துக் குனிவு. அதோடு ஏன் மாற்றுகிறாய் என்பான். ஒப்பிட்டு முடிந்துவிட்டது என்று சொல்லலாம், ஓடாமலே எப்படி முடிந்தது என்பான். மாற்றாமல் ஓடலாம், விழுந்தால் சோதனைக்காக விழுந்தேன் என்றாகும், அது ஒரு மரியாதையான விழுகை, யாரும் என்னைக் குறை சொல்லமாட்டார்கள், பாவம், பரிசோதனை செய்யப்போய் இடத்தை விட்டுவிட்டாள் என்பார்கள். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருக்கிறது என்பதைக் கண்டுபிடித்தபோது பற்றிஸ் வாசம் தொண்டையில் ஏறியது. விளிம்பில் சாய்ந்து போகும்போது இதைவிட எவ்வளவு ஆழமாகக் குனிந்திருக்கிறேன், அப்போது வெட்கம் எங்கே போகிறது, ஓடினால் அதற்கு என்னைப் பிடிக்கமுடிவதில்லையா, நின்றால்தான் வந்து ஏறிக்கொள்கிறதா. தூண்கள் நெருக்கமாக வருகின்றன. தடுப்பை உயர்த்துங்கள் என்ற அறிவிப்பு தெரிகிறது. இன்னும் கொஞ்சம் மெதுவாகப் போனால் என்ன.

அம்மா நடந்து இறங்கவேண்டும் என்பதற்காக லிஃப்டை மெதுவாக்கினார்கள், அம்மா இறங்கி, நின்று, ஜாக்கெட்டை இழுத்து விட்டு, லிஃப்ட்காரருக்கு நன்றி சொன்னார், நானும் ரேட்டோவும் ஒற்றைக் காலில் வழுக்கிக்கொண்டு போய்க் குடிலுக்கு முன்னால் நின்றோம். எல்லோரும் அங்கேதான். லேயா குனிந்திருக்கிறாள், இன்னும் மூன்று பேர் குனிந்திருக்கிறார்கள், யாருக்கும் அது ஒரு விஷயமாகவே தெரியவில்லை, லேயா குனிந்தபடியே கீழிருந்து எனக்குக் கையசைக்கிறாள். உர்ஸ் மட்டும் நிமிர்ந்து, தொப்பிக்குள் விரலை விட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறார். ரேட்டோ வாயில் இன்னும் பற்றிஸ் இருக்கும்போதே சொல்லிவிட்டான், ஒரே பலகை, ஒரே பனி, பாருங்கள், முன்காலுக்குப் பழசு. எல்லோரும் என் காலைப் பார்க்கிறார்கள். உர்ஸ் கிட்ட வந்து பார்த்து, "சரி, என்ன கண்டுபிடித்தாய்?" என்கிறார். நான் பேசினேன். எப்படிப் பேசினேன் என்று தெரியாது, பழசு எப்படி எதையும் ஒளிக்காது, புதுசு எங்கே ஒரு கணம் பிந்துகிறது, எந்தப் பனிக்கு எது, பாரமில்லாதவருக்கு ஏன் அது வேறு, மத்தியானத்துக்குப் பிறகு ஏன் நான் புதுசைத்தான் எடுப்பேன், இதெல்லாம் உண்மை, ஒரு சொல்லும் பொய்யில்லை, மூன்று குளிர்காலத்தில் இவர்களுக்கு முன்னால் நான் இவ்வளவு பேசியதில்லை, ஒருவர் தலையாட்டினார், லேயா நிமிர்ந்து நின்று கேட்டாள். அம்மா பக்கத்தில் வந்து நின்றார், பெருமையாக, விளங்கியதோ இல்லையோ. "நல்லது," என்றார் உர்ஸ். "இன்றைய ஓட்டத்துக்கு எது?" பழசு. "இரண்டு காலுக்குமா?" இரண்டுக்கும். "மற்றது எங்கே?" பைக்குள். அவர் நெற்றி சுருங்கியது, கோபமில்லை, விளங்காமை. "பிறகு ஏன் அது பைக்குள் இருக்கிறது?"   ஒரு நல்ல காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும், இவ்வளவு நேரம் கிடைத்ததே. கடைக்காரர் கேட்டுக்கொண்டார் என்று சொல்லலாம். உதடு குளிரில் மரத்துப்போயிருந்தது. "அதைப் பூட்டக் குனியவேண்டும்," என்றேன். "ஆட்களுக்கு முன்னால் குனிய எனக்கு வெட்கம். ஒப்பிட்டுப் பார்க்கப் பூட்டவில்லை. குனியாமலிருக்கத்தான் புதுசைப் பூட்டினேன்."

ஜெர்மனில் வெட்கம் என்ற அந்தச் சொல் இன்னும் மோசமாக ஒலித்தது. ரேட்டோ தன் கையுறையைப் பார்த்தான், அவன் காது சிவந்தது, எனக்காகச் சிவந்ததா தனக்காகவா தெரியவில்லை. லேயா தன் ஜாக்கெட் ஜிப்பை மேலே இழுத்தாள், பிறகு கீழே இழுத்தாள். உர்ஸ் மறுபடி தலையைச் சொறிந்தார். "சரி," என்றார், "லேயா முதலில் ஓடட்டும். அதற்குள் மாற்று," என்று சொல்லிவிட்டுக் கீழே போய் நின்று பார்க்கச் சரிவில் இறங்கினார், அவ்வளவுதான், சிரித்திருந்தால்கூட எனக்கு எங்காவது பிடித்துக்கொள்ள ஒரு இடம் கிடைத்திருக்கும். ரேட்டோ ஸ்க்ரூ டிரைவரை நீட்டினான். முன்காலைக் கழற்றினேன், பையிலிருந்து பழசை எடுத்தேன், பலகையைக் குறுக்கே போட்டு, குடில் எனக்குப் பின்னால், வாங்குகள் பின்னால், கோப்பைகள் பின்னால், குனிந்தேன். முதலாவது திருகாணி சுலபமாக வந்தது. இரண்டாவது உறைந்திருந்தது. மூச்சை ஊதி இளக்கித் திருகினேன். முதுகின் கீழ்ப்பாதி முழுவதும் யாரோ விளக்கடித்ததுபோல இருந்தது. அப்போது பனி நொறுங்கும் சத்தம், நடந்து வரும் சத்தம், பின்னால், மிக அருகில். என்மேல் நிழல் விழுந்தது. தோளுக்கு மேலால் பார்த்தேன், ஊதா நிறம். அம்மா எனக்குப் பின்னால் முற்றத்தைப் பார்த்தபடி நிற்கிறார், ஜாக்கெட்டைத் திறந்து இரண்டு பக்கமும் கையால் விரித்துப் பிடித்திருக்கிறார், கடற்கரையில் பிள்ளைக்கு உடுப்பு மாற்றத் துவாய் பிடிக்கிறவர் மாதிரி, உள்ளே மெல்லிய சட்டை மட்டும், இந்தக் குளிரில். "கெதியாச் செய் பிள்ளை, நான் மறைச்சு நிக்கிறன்." கிசுகிசுத்தார். விடிந்ததிலிருந்து அம்மா கிசுகிசுத்தது இதுதான் முதல் தடவை. நான் சொன்னது அவருக்கு விளங்கியிருக்கிறது, அந்தச் சொல் மட்டும் விளங்கியிருக்கிறது. உதட்டுச்சாயமும் ஜிமிக்கியும் போட்டு, வழியில் காண்கிறவர்களோடெல்லாம் கதைத்து, பற்றிஸ் கொடுத்து, அதற்கெல்லாம் அடியில் இவரும் இதைத்தான் வைத்திருந்தாரா, ஒருவேளை என்னைவிட அதிகமாக.  இதமாக இருந்தது, அதைச் சொல்லவேண்டும், அந்த நிழலுக்குள் ஒரு நிமிடம் இதமாக இருந்தது, அப்படியே எல்லாத் திருகாணியையும் முடித்துவிடலாம். ஆனால் தகட்டின் நடுவில் கால் நிற்கும் கோணத்துக்கான சின்னக் கோடுகள் உண்டு, அவற்றைப் பார்த்துத்தான் பூட்டவேண்டும், பிழைத்தால் எல்லாம் பிழை, நிழலுக்குள் ஒரு கோடும் தெரியவில்லை.

"அம்மா, தள்ளி நில்லுங்கோ."

"எடி, ஆக்கள் பாக்கினம்."

"பாக்கட்டும். எனக்கு வெளிச்சம் வேணும்."

அம்மா உடனே அசையவில்லை. ஜாக்கெட் இரண்டு பக்கமும் இன்னும் விரிந்தே நின்றது. பிறகு பனி நொறுங்கியது, ஒரு அடி, இன்னொரு அடி, தகட்டின் மேலே வெயில் வந்து விழுந்தது, கோடுகள் தெரிந்தன. என் கால்களுக்கு நடுவால், தலைகீழாக, முற்றம் தெரிந்தது, வாங்குகள், ஆவி பறக்கும் கோப்பைகள், ஒரு ஆள் உண்மையாகவே பார்த்துக்கொண்டிருந்தார், நான் அவரைப் பார்ப்பதையும் அவர் பார்த்தார். காது இரண்டும் எரிந்தன, கழுத்து எரிந்தது. புதுசைக் கழற்றிவிட்டுப் பழசை வைத்துக் கோட்டைச் சரிபார்த்தேன். நாலாவது திருகாணியை இறுக்கினேன், கீழே லேயா ஓடி முடித்திருக்கவேண்டும், யாரோ கை தட்டினார்கள். எழுந்து நின்று இரண்டு பூட்ஸையும் வைத்தேன், குதிகாலைப் பின்வளையத்துக்குள் செருகினேன், மறுபடி குனிந்து முதலில் முன்காலின் நெம்புபிடியை அறைந்தேன், பிறகு பின்காலினதை.